மூன்று அகலம் கண்ட பாதை

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865-இல். தென்னிந்திய ரயில்வே என்ற பெயர் பிறக்கவே அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு ஆயிற்று. எழும்பூர் நிலையத்தின் செக்கச் சிவந்த கட்டடம் 1908-இல்தான் திறக்கப்பட்டது. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன ஊர் என்றே எங்கள் ஊரை எல்லோரும் எழுதுகிறார்கள். ரயிலுக்கும் அது பழைய ஊர் என்பது ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. அந்தப் பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன் நான். ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் எஞ்சினை எழுதுகிறார்கள், கட்டடத்தை எழுதுகிறார்கள், அதிகாரிகளை எழுதுகிறார்கள். தரையோடு கிடக்கும் பாதையையும் அதை நடந்தே காத்தவர்களையும் எழுத ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

1862-இல் தொடங்கிய இந்தியன் டிராம்வே கம்பெனிதான் முதலில் இங்கே தண்டவாளம் போட்டது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை சுமார் 30 கிலோமீட்டர். ஏன் அரக்கோணம்? அன்றைக்குச் சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் பாதையே கிடையாது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்த மெட்ராஸ் ரயில்வேயின் பாதைதான் இந்தப் பக்கத்துக்கு இருந்த ஒரே பாதை. அது அரக்கோணம் வழியாகப் போனது. அதனால் எங்கள் ஊர் ரயில் முதலில் கிழக்கே பார்க்கவில்லை, வடக்கே பார்த்தது. சென்னைக்குப் போகிறவர் அரக்கோணத்தில் இறங்கி, பெரிய வண்டிக்கு மாறித்தான் போயாக வேண்டும். ஆள் தானாக மாறிவிடுவான். மூட்டையை ஒருவர் தூக்கி மாற்ற வேண்டும். அந்தக் கூலிக்காரர்களின் முதுகில்தான் காஞ்சிபுரத்தின் சரக்கு சென்னைக்குப் போயிருக்கிறது.

அந்த முதல் பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1,067 மில்லிமீட்டர். உலகத்திலேயே அப்போது அது புது அளவு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணம் இதே அகலத்தில் தன் முதல் ரயிலை ஓட்டியதும் அதே 1865-இல்தான். ஜப்பானில் முதல் ரயில் ஓடியது 1872-இல், அதுவும் இந்த அகலத்தில். ஜப்பானின் பழைய பாதைகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் அந்த அளவிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு ஏழு ஆண்டு முந்தி அந்த அளவுத் தண்டவாளம் திருமால்பூர்ப் பக்கத்து வயல்களுக்கு நடுவே கிடந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

எங்கள் பாதையில் அந்த அளவு நிலைக்கவில்லை. 1870-இல் இந்திய அரசு குறைந்த செலவுப் பாதைகளுக்கு மீட்டர் கேஜ் என்று முடிவு செய்தது. டிராம்வே கம்பெனி கர்நாடிக் ரயில்வே ஆகி, 1874-இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. 1878-இல் எங்கள் தண்டவாளம் 1,000 மில்லிமீட்டருக்கு மாற்றப்பட்டது. உள்ளே தள்ளியது 67 மில்லிமீட்டர், ஏறத்தாழ நான்கு விரல் அகலம். படிப்பவருக்கு அது சின்ன எண். 30 கிலோமீட்டருக்குத் தண்டவாளத்தைத் தாங்குகிற ஒவ்வொரு கட்டையிலும் பிடிப்பைக் கழற்றி, நான்கு விரல் தள்ளி, மறுபடி இறுக்க வேண்டும் என்றால் எத்தனை கை, எத்தனை கடப்பாறை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதையொட்டிப் பாதை தெற்கே நீண்டு வாலாஜாபாத், பழைய சீவரம், பாலூர் வழியாகச் செங்கல்பட்டைத் தொட்டது.

நான் சேர்ந்தது அந்த மீட்டர் கேஜ் பாதையில். அப்பா நெசவாளி, குழித்தறி. கூலி வீட்டுக்குப் போதாமல்தான் நான் ரயில்வேக்குப் போனேன். "நெழல்ல ஒக்காந்து செய்யற வேலய வுட்டுட்டு வெயில்ல இரும்ப அடிக்கப் போறியா?" என்று அப்பா கேட்டார். ஆனால் அவரிடம் கற்றதுதான் இந்த வேலையில் எனக்கு முதலில் உதவியது. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டும்போது அவர் ஒரு முனையில் குனிந்து, கண்ணை இழை மட்டத்துக்குக் கொண்டுபோய், எங்கே தொய்வு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். தண்டவாளத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மண்டியிட்டு, கன்னம் இரும்பில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தால் எந்த இடம் இறங்கியிருக்கிறது, எங்கே பக்கவாட்டில் நெளிந்திருக்கிறது என்பது தெரியும். எங்கள் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "யார்றா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார். அப்பா என்றேன். அவரும் ரயில்வேயில் இருந்தார் என்றே மேஸ்திரி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

கேங் என்பது ஒரு மேஸ்திரி, ஒரு கீமேன், மீதி கேங்மேன்கள். இன்று டிராக் மெயின்டெய்னர் என்று பெயர் மாறியிருக்கிறது. ஒவ்வொரு கேங்குக்கும் இத்தனை கிலோமீட்டர் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கட்டைக்கு அடியில் ஜல்லியை பீட்டர் என்கிற கருவியால் அடித்துக் கெட்டிப்படுத்துவது, நெளிந்த தண்டவாளத்தைக் கடப்பாறை போட்டு எல்லோரும் ஒரே மூச்சில் தள்ளி நேராக்குவது, மட்டம் பார்ப்பது, கேஜ் கட்டையை வைத்து அகலம் பார்ப்பது. இவைதான் அன்றாடம். புதிதாக வந்தவன் வண்டி வந்தால் வாயைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பான். மேஸ்திரி தலையில் தட்டுவார். "ரயிலப் பாக்காத தம்பி. சக்கரம் ஏறச் சொல்ல கட்டயப் பாரு." அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அடியில் ஜல்லி கெட்டிப்படாத கட்டை சக்கரம் ஏறும்போது அமுங்கி எழும், மழை நாளில் சேற்றைக் கக்கும். மறுநாள் வேலை எங்கே என்பதைப் போகிற வண்டியே காட்டிக் கொடுத்துவிடும்.

கீமேன் தனியாள். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, டெட்டனேட்டர் என்கிற எச்சரிக்கை வெடி. விடிந்ததும் தன் எல்லையின் ஒரு முனையிலிருந்து கிளம்பி, ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மறுமுனைக்குப் போய், அடுத்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். மீட்டர் கேஜில் தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துக்கொண்டிருப்பது சாவி என்கிற இரும்பு ஆப்பு. வண்டியின் அதிர்வில் அது நழுவும். சுத்தியலால் தட்டினால் இறுகிய சாவி கணீரென்று சொல்லும், தளர்ந்தது சொத்தென்று சொல்லும். கொஞ்ச நாளில் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். இரட்டைப் பாதையில் சாவிகளை எல்லாம் வண்டி போகிற திசையிலேயே அடிப்பார்கள். எங்களுடையது ஒற்றைப் பாதை. வண்டி இரண்டு பக்கமும் போகும், வரும். அதனால் கட்டைக்குக் கட்டை திசை மாற்றி அடிக்க வேண்டும். ஒற்றைப் பாதை என்பதன் பொருளை நான் முதலில் படித்தது அந்தச் சாவிகளில்தான்.

1979-இல் வரதராஜப் பெருமாள் கோயிலில், நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்தி வரதர் எழுந்தருளியபோது நாங்கள் மீட்டர் கேஜ் ஆட்கள். வண்டிப் படிக்கட்டில், இரண்டு பெட்டிக்கு நடுவில், எங்கெல்லாம் கால் வைக்க இடம் உண்டோ அங்கெல்லாம் ஆள். அந்தக் கூட்டம் போகிற பாதை நம் பொறுப்பு என்ற நினைப்பில் கீமேன்கள் நடந்த நடை வேறு நடை. அதுபோலவே மாட்டுப் பொங்கல் அன்று வரதர் பழைய சீவரத்துக்குப் பாரிவேட்டைக்குப் போவார். சனம் தண்டவாளத்தை ஒற்றையடிப் பாதையாக நினைத்து நடக்கும். கொடியும் கையுமாக நின்று, பாட்டிமார்களின் கையைப் பிடித்து இறக்கிவிடுவது அன்றைக்கு எங்கள் உத்தியோகம்.

சாதாரண நாட்களில் வண்டியை நிரப்பியது நெசவும் கல்வியும் கச்சேரி வேலையும்தான். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கத்து நெசவாளிகள் அறுத்த சேலையை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் யாராவது தண்ணீர் குடித்தால்கூட நகர்ந்து உட்காருவார்கள். பத்துப் பதினைந்து நாள் உழைப்பு அந்த மடியில் இருந்தது.

இந்தப் பாதையின் உண்மையான ஆபத்து தண்ணீர். இது ஏரி நாடு. பாலாற்றின் வடகரையை ஒட்டிப் போகிற எங்கள் பாதைக்கு மேற்புறத்திலும் பக்கத்திலும் ஏரிகள். பல்லவர் காலம் முதல் வெட்டிய ஏரிகள் ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழிகிற மாதிரி அமைந்தவை. ரயில் கரை அந்த நீர்வழிகளுக்குக் குறுக்கே போடப்பட்டது. ஏரி உடைந்தால் பாதையைப் பாதிக்கும் என்று கருதும் ஏரிகளுக்கு ரயில்வேயில் தனிப் பட்டியல் உண்டு. மழைக்காலத்துக்கு முன்னால் ரயில்வே அதிகாரிகளும் பொதுப்பணித் துறைக்காரர்களும் சேர்ந்து போய்க் கரையையும் கலங்கலையும் பார்க்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் அது அதிகாரிகளின் வேலை. எந்தக் கரையில் நண்டு வளை அதிகம், எந்த மதகின் கல் பெயர்ந்திருக்கிறது என்பது ஏரிப் பாசனத்து விவசாயிக்கும், தினம் நடக்கிற கீமேனுக்கும்தான் தெரியும். நாங்கள் ஊர்க்காரர்களோடு ஒட்டி உறவாடியதற்கு அதுவும் ஒரு காரணம். டீக்கடையில் கிடைக்கிற செய்தி எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் இரவுக் காவல் உண்டு. ஒரு கையில் விளக்கு, தலையில் சாக்கு, இடுப்பில் டெட்டனேட்டர். ஒரு எல்லையின் ஆள் நடந்து வந்து அடுத்த எல்லையின் ஆளைச் சந்தித்துப் புத்தகம் மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். எதிரே வருகிறவனின் விளக்கு நேரத்துக்குத் தெரியாவிட்டால் வயிற்றைப் பிசையும். எண்பதுகளில் ஒரு கார்த்திகை இரவு, வாலாஜாபாத்துக்கும் நத்தப்பேட்டைக்கும் இடையில் ஒரு சின்னப் பாலத்தருகே வந்தபோது தண்ணீரின் சத்தம் மாறியிருந்தது. பாலத்துக்கு அடியில் போக வேண்டிய தண்ணீர் கரையை ஓரத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு கட்டைகளுக்கு அடியில் ஜல்லி இல்லை. தண்டவாளம் அந்தரத்தில் இருந்தது.

அந்த நேரத்தில் யோசிக்க இடமில்லை, பயிற்சிதான் காலைத் தள்ளும். வண்டி எந்தப் பக்கமிருந்து முதலில் வரும் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் ஓட வேண்டும். மீட்டர் கேஜில் 400 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று. தண்டவாளத்தின் தலையில் வைத்துக் கட்டிவிட்டால் சக்கரம் ஏறும்போது வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். வைத்துவிட்டுச் சிவப்பு விளக்கோடு நின்றேன். மறுபக்கத்தை, அடுத்த எல்லையிலிருந்து வந்தவர் பார்த்துக்கொண்டார். வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து பாலத்தைப் பார்த்தார், என் தோளில் கை வைத்தார், ஒன்றும் பேசவில்லை. விடிவதற்குள் மேஸ்திரி முழு கேங்கோடு மணல் மூட்டையும் கருங்கல்லுமாக வந்துவிட்டார். மத்தியானம் வண்டி மெதுவாக அந்த இடத்தைக் கடந்தபோது அவர் வண்டியைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் என் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பாதையில் ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படி ஒரு இரவைக் கடந்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வண்டி கவிழ்ந்தால் செய்தித்தாளில் வரும். கவிழாத வண்டிக்குச் செய்தி கிடையாது.

1992-இல் நாடு முழுவதும் ஒரே கேஜ் என்ற திட்டம் தொடங்கியது. அந்த அலையில் எங்கள் முறையும் வந்தது. பாதையின் மூன்றாவது அகலம் 1,676 மில்லிமீட்டர். 1878-இல் நான்கு விரல் தள்ளியது போன்ற காரியமில்லை இது. கரையை அகலப்படுத்தி, பாலங்களை மாற்றி, பிளாட்பாரத்தை உயர்த்தி, பாதையை அடியோடு புதிதாகப் போட வேண்டும். பழைய தண்டவாளம் மீட்டருக்கு 30 கிலோ கணக்கில் இருந்தது, புதியது 52 கிலோ. ஒரு கான்கிரீட் கட்டை மட்டுமே கால் டன்னுக்கு மேல். பழைய இரும்புக் கட்டையை நாலு பேர் சேர்ந்தால் நகர்த்திவிடலாம், கான்கிரீட்டிடம் அந்தப் பேச்சு செல்லாது. சாவி போய் வளைந்த கிளிப் வந்தது. காதால் பார்த்த வேலை மறுபடி கண்ணுக்கு மாறியது. ஒன்று மட்டும் வெளியே யாருக்கும் தெரியாது: அகலப்பாதையின் பெயரளவு 1,676 என்றாலும் கான்கிரீட் கட்டையில் 1,673 வருகிற மாதிரிதான் செய்கிறார்கள். வண்டி ஆடாமல் போவதற்காக அந்த மூன்று மில்லிமீட்டர். முன்னால் நாங்கள் சுத்தியலோடு தேடித் திரிந்த துல்லியத்தை இப்போது தொழிற்சாலையே வார்த்துக் கொடுத்துவிடுகிறது.

வேலை இலகுவானது என்று சிலர் நினைக்கிறார்கள். வண்டியின் வேகம் கூடியதால் நிற்கும் தூரமும் கூடியது. ஆபத்து என்றால் டெட்டனேட்டர் வைக்க அகலப்பாதையில் 1,200 மீட்டர் ஓட வேண்டும். முன்னால் வண்டி வருவது தண்டவாள இணைப்புகளின் சத்தத்தில் வெகுதூரத்திலேயே தெரியும். இப்போது இணைப்பே இல்லாமல் பற்றவைத்த தண்டவாளம், மின்சார ரயில் சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். குனிந்து கிளிப் அடிக்கிறவனுக்கு இது பெரிய மாற்றம். கணவர் இறந்து கருணை வேலையில் வந்த பெண்களும் இன்று அதே சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அதே வெயிலில் நடக்கிறார்கள். அவர்களை நான் பழக்கியிருக்கிறேன். எந்த ஆணுக்கும் குறைந்தவர்களில்லை.

மின்சார ரயில் சென்னைக் கடற்கரையிலிருந்து காஞ்சிபுரம் தாண்டித் திருமால்பூர் வரை வந்தது, அதற்கு மேல் நெடுங்காலம் போகவில்லை. தக்கோலத்துக்கும் அரக்கோணத்துக்கும் இடையில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. 1992-இல் அமைந்த தளம். ஓடுபாதைக்குப் பக்கத்தில் உயர்மின் கம்பி போக முடியாது. தண்டவாளத்தை விலக்கிப் போட்ட பிறகுதான் மின்பாதை முழுமையானது. 2019-இல் கடற்கரை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், மறுபடி கடற்கரை என்று வட்ட ரயில் ஓடத் தொடங்கியது. 1865-இல் அரக்கோணத்தை மட்டும் பார்த்திருந்த ஊர் இரண்டு பக்கமாகவும் சென்னையோடு சேர்ந்தது.

வட்ட ரயில் தொடங்கிய அதே 2019-இல் ஜூலை 1 முதல் 48 நாள் அத்தி வரதர். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் தினமும் ஸ்டேஷன் பக்கம் போய் நிற்காமல் இருக்க முடியவில்லை. நாற்பது ஆண்டுக்கு முன் பார்த்ததைவிடப் பல மடங்கு சனம். சிறப்பு ரயில்கள் விட்டார்கள். ஆனால் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு வண்டிதான் இருக்க முடியும். எதிர் வண்டி வந்து சேரும்வரை இது நின்றாக வேண்டும். கூட்டம் எத்தனை வந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

என் வருத்தமெல்லாம் இதுதான். இந்தப் பாதை ஒரு முறை குறுகியது, ஒரு முறை விரிந்தது, மின்சாரம் வந்தது. எண்ணிக்கையில் 1865-இல் இருந்த ஒன்றாகவே இருக்கிறது. செங்கல்பட்டு முதல் அரக்கோணம் வரை அறுபது சொச்சம் கிலோமீட்டர்தான். வாலாஜாபாத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார்களை ஏற்றிக்கொண்டு சரக்கு ரயில்கள் வடக்கே போகின்றன. திருப்பதிக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான வண்டி போகிறது. படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகள் போகிறார்கள். எல்லாம் ஒரே தண்டவாளத்தில். பேருந்து இரண்டு மணி நேரத்தில் சென்னை போகிறது என்றால் காஞ்சிபுரத்துக்காரன் ரயிலுக்கு ஏன் காத்திருப்பான்?

இன்னொன்றையும் ஒரு மேஸ்திரியாகச் சொல்ல வேண்டும். ஒற்றைப் பாதையில் வண்டி கூடக் கூட, பராமரிப்புக்குப் பாதையை நிறுத்திக் கொடுக்கிற நேரம் குறைகிறது. ஜல்லி இறுக்கும் இயந்திரம் வந்து நின்றாலும் வேலை செய்ய இடைவெளி கிடைப்பதில்லை. கிடைக்கிற அரை மணி, முக்கால் மணியில் ஆட்கள் அவசர அவசரமாகச் செய்கிறார்கள். அவசரம்தான் எங்கள் தொழிலில் ஆளைக் கொல்வது. இரண்டாவது பாதை கேட்பது பயணிகளின் வசதிக்காக மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தண்டவாளத்தில் குனிந்து நிற்கிறவர்களின் உயிருக்காகவும் நான் கேட்கிறேன். சங்கங்கள், வணிகர்கள், கைத்தறிக் கூட்டுறவுக்காரர்கள், கோயில் நிர்வாகங்கள் எல்லோரும் ஒன்றாகக் கேட்டால் கிடைக்கும்.

ஸ்டேஷனில் 1865 என்ற ஆண்டையும் மூன்று அகலங்களையும் சொல்கிற ஒரு பலகையும் வைக்க வேண்டும். பழைய மீட்டர் கேஜ் சாவி ஒன்று, இரும்புக் கட்டை ஒன்று, ஒரு கீமேன் சுத்தியல் பக்கத்தில் இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள்.

கடைசியாகப் பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓடுகிற வண்டியின் ஜன்னலிலிருந்து தண்ணீர் பாட்டிலை வெளியே எறியாதீர்கள். பாதி தண்ணீரோடு அந்த வேகத்தில் வருகிற பாட்டில் கல்லுக்குச் சமம். எங்கள் ஆட்களுக்கு மண்டை உடைந்திருக்கிறது, கண் போயிருக்கிறது. வண்டிக்கு வழிவிட்டு, ஆரஞ்சுச் சட்டையில் ஓரமாக ஒதுங்கி நிற்கிற அந்த ஆள் உங்கள் சக்கரத்துக்கு அடியில் இருக்கிற கட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களைப் பார்க்க மாட்டார். பாட்டில் வருவது அவருக்குத் தெரியாது.